சேகரின் கேமராவும் என் லைட்டும்

இன்று எங்கள் மலையில், நாயுடுபுரத்தில் ஒரு கல்யாணம். பன்னிரண்டு வருடமாக வீடியோ எடுக்கிறேன். வழக்கம்போல் தோளில் டேப் கேமரா, ஸ்டாண்டில் ஆயிரம் வாட்ஸ் லைட்.

போட்டோ எடுக்க வந்த சேகர், தன் போட்டோ கேமராவிலேயே வீடியோவும் எடுத்தான். லைட்டே போடவில்லை. மதுரைக்குப் போய் ஒரு மாதம் படித்தானாம்.

எட்டிப் பார்த்தேன். மணப்பெண் முகம் மட்டும் பளிச்சென்று, பின்னால் பந்தல் பனிபோல் கரைந்திருந்தது. எனக்கு வயிறு எரிந்தது.

"படம் இருட்டா கெடக்கே தம்பி" என்றேன்.

"எடிட்டிங்ல சரி பண்ணிக்கிடலாம்ணே" என்றான். இதில் அண்ணே வேறு!

பெண்ணின் சித்தப்பா என்னைத் தேடி வந்தார். நிமிர்ந்து நின்றேன்.

"அண்ணே, வீடியோவ அந்தத் தம்பி பாத்துக்கிடும். நீங்க லைட்ட மட்டும் இந்தப் பெரியாளுக பக்கம் திருப்பி வைங்க. குளிருக்கு எதமா இருக்கு."

திருப்பி வைத்தேன்.

லைட் இல்லாமல் எடுக்கும் இந்த வித்தையை எனக்கு யாராவது சொல்லித் தருவீர்களா? சேகர் மட்டும் கமென்ட் போட வேண்டாம்.