நாலாங்கால் எழுதிய கமெண்டுகள்

சோபாக்காரர் மதியச் சாப்பாட்டை ஃபோனைப் பார்த்துக்கொண்டேதான் சாப்பிடுவார். அதில் அவர் பார்ப்பது ஒரே ஒரு பேஜ், அவருடைய சகலையின் பேஜ். மனைவியின் தங்கையைக் கட்டிய அந்த மனிதர் வீடு வீடாகப் போய் சோபா கழுவுகிறவர். தெருவில் அவருக்கு 'நுரை' என்று பெயர். நேற்றுப் போட்ட வீடியோவை எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் பார்ப்பார். எண்ணிக்கை ஏறியிருந்தால் அன்றைய சாப்பாடு உப்புக் கரிக்கும். ஏறாமல் இருந்தால் இன்னொரு கரண்டி போட்டுக்கொள்வார்.

நாம் நேசிக்கிறவர்களைக்கூட இவ்வளவு கவனமாகப் பார்ப்பதில்லை. அன்பு கொஞ்ச நாளில் பழகிப்போய்க் கண்ணை மூடிக்கொள்கிறது. பொறாமைக்குத் தூக்கமே கிடையாது.

சோபாக்காரரின் பட்டறை ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது. முன்பு யாரோ கார் நிறுத்திய இடம். துணிச் சுருள்கள் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் போல சுவரில் சாய்ந்து நிற்கும். தரையெல்லாம் பிடுங்கிப் போட்ட ஸ்டேப்ளர் பின்கள் கிடப்பதால் உள்ளே யாரும் செருப்பைக் கழற்றக் கூடாது. எந்த சோபா வந்தாலும் அவர் முதலில் அதைத் தலைகீழாகக் கவிழ்ப்பார். அடியில் அடித்திருக்கும் கறுப்புத் துணியைக் கிழித்துச் சட்டத்தையும் அதன் குறுக்கே இழுத்து அடித்த பெல்ட்டையும் பார்ப்பார். ஃபோமை முகர்ந்து பார்ப்பார். "சோபாவோட யோக்கியதை அடியிலதான் தெரியும்" என்பார். கவிழ்க்கும்போது உள்ளேயிருந்து பேனா, கொண்டை ஊசி, பொம்மைக் காரின் சக்கரம் எல்லாம் விழும். அவற்றை ஒரு டப்பாவில் போட்டு உரிமையாளரிடமே கொடுத்துவிடுவார். நல்ல வேலைக்காரர். ரொம்ப நல்லவர் என்று சொல்ல மாட்டேன். நல்ல வேலைக்காரர், அவ்வளவுதான்.

அவருக்கு ஓர் ஆசை இருந்தது. இத்தனை வருடமும் ஒவ்வொரு சோபாவாகத் தைத்தவருக்கு, ஒரு முழு அரங்கின் இருக்கைகளையும் தைக்க வேண்டும். வரிசை வரிசையாக ஒரே துணி, ஒரே தையல். விளக்கை அணைத்தபின் நூற்றுக்கணக்கான பேர் தன் வேலைமேல் சாய்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். இதை அவர் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

சகலை அப்படி ஒரே தொழிலில் நின்றவரல்ல. இன்ஷூரன்ஸ் விற்றார், பிறகு தண்ணீர் ஃபில்டர், பிறகு என்னென்னவோ. அந்த நாட்களில் மாமியார், "பெரிய மாப்பிள்ளை ஒரே எடத்துல உக்காந்து பொழைக்கறவர். சின்னவர் காலுல சக்கரம் கட்டிட்டுப் பொறந்தவர்" என்பார். சோபாக்காரருக்கு அது காதில் தேன். ஒரு நாள் சகலை, சோபா கழுவுகிற மெஷின் ஒன்றை வாங்கிக்கொண்டு நேராக இவர் வீட்டுக்கு வந்தார்.

"அண்ணே, உங்க சோபாவுல ஒரு தடவ ஓட்டிப் பாத்துக்கட்டுமா? யார் வீட்டுலயாவது போயி சொதப்பிட்டா அசிங்கமாப் போயிடும்."

"எங்க வீட்டுல சொதப்பினா பரவால்லையா?"

"நீங்கதான் தைக்கறவராச்சே."

மனைவி தலையாட்டிவிட்டார். சகலை நுரை அடித்தார், உறிஞ்சினார், வந்த தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரில் ஊற்றி வெளிச்சத்தில் பிடித்தார். பாலில்லாத டீ போல இருந்தது. அதை வீடியோ எடுத்து, 'இந்த வீட்டுக்காரர் யார் தெரியுமா? சோபா தைக்கிறவர்!' என்று எழுதி, விழுந்து விழுந்து சிரிக்கும் மூன்று பொம்மைகளையும் சேர்த்துப் போட்டார். சகலையின் முதல் வீடியோ அதுதான். அந்த டம்ளரை லட்சம் பேர் பார்த்தார்கள். "சர்க்கரை போட்டாச்சா?" என்று ஒருவன் கேட்டிருந்தான்.

மாமியார் ஃபோன் செய்தார். "சின்ன மாப்பிள்ளை ஃபோன்ல வர்றாரு, பாத்தீங்களா? உங்க சோபாவும் வருது."

அன்றிலிருந்து ஒவ்வொரு வீடியோவின் முடிவிலும் டம்ளர் வந்தது. ஒரு வேன் இரண்டானது. சோபாக்காரரும் ஒரு பேஜ் தொடங்கினார். தைத்து முடித்த சோபாவைச் சுவரோரம் நிறுத்தி, நேர் எதிரே நின்று படம் எடுப்பார், பாஸ்போர்ட்டுக்கு எடுப்பது போல. கீழே 'தரமான வேலை. தொடர்புக்கு' என்று எழுதி நம்பரைப் போடுவார். எல்லாப் படத்துக்கும் அதே வரிதான். லைக் போடுகிறவர்களில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள். அதில் சகலையும் ஒருவர். அந்த லைக்தான் அவரை அதிகமாக எரித்தது.

"அவரு பேசறாரு, சிரிக்கறாரு. நீங்க சோபாவ மட்டும் நிக்க வெச்சா அது என்ன பேசும்?" என்றார் மனைவி. சொன்னதோடு நிற்காமல், சிறுதொழில் செய்பவர்களுக்கான பயிற்சி வகுப்பு ஒன்றில் அவர் பெயரைக் கொடுத்துவிட்டார். 'பெரிதாக நினை, உலகுக்குக் காட்டு' என்று வாசலில் பேனர் தொங்கியது.

பயிற்சி கொடுத்தவர் காதோரம் மைக் மாட்டிய பெண். கனவு காண்பது பற்றியும், தினமும் ஏதாவது போடுவது பற்றியும், கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்வது பற்றியும் பேசினார். அதில் பாதி பொதுப்புத்தி, மீதி உற்சாகம். பிறகு ஒவ்வொருவராக எழுப்பி, அடுத்த ஐந்து வருடத்தில் என்ன நடக்கும் என்று கேட்டார்.

சோபாக்காரர் எழுந்தார். "என் சகலைக்கு இப்ப ரெண்டு வேன் இருக்கு. அஞ்சு வருஷத்துல நாலாயிடும். பக்கத்து ஊர்ல கிளை தொறப்பான். டிவிக்காரன்கூட வந்து பேட்டி எடுப்பான். என் மாமியார் அந்தப் பேட்டிய..."

"சார், ஒரு நிமிஷம்" என்றார் அந்தப் பெண், உண்மையான குழப்பத்துடன். "ரொம்பத் தெளிவாச் சொல்றீங்க. ஆனா இதுல நீங்க எங்க சார் இருக்கீங்க?"

வகுப்பு சிரித்தது. அவர் உட்கார்ந்துவிட்டார். அரங்கு என்ற சொல் நாக்கின் நுனிவரை வந்திருந்தது. அதைச் சொன்னால் யாராவது சகலையிடம் போய்ச் சொல்வார்கள், சகலை அதைவிடப் பெரிய அரங்காக நினைத்துவிடுவார் என்று பயந்தார். பொறாமைக்காரன் தன் ஆசையைக் கண்பட்டுவிடும் என்று பூட்டிப் பூட்டி வைப்பான். பிறகு எங்கே வைத்தோம் என்று அவனுக்கே தெரியாமல் போகும். ஒப்பிடுகிறவனுக்கு அடுத்தவன் வாழ்க்கைதான் வீடு. தன் வாழ்க்கையில் அவன் வாடகைக்கு இருக்கிறான்.

வகுப்பில் அவர் உருப்படியாகக் கற்றுக்கொண்டது, இன்னொரு பெயரில் கணக்குத் தொடங்குவது எப்படி என்பதைத்தான். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் 'நாலாங்கால்' பிறந்தது. படத்துக்கு உடைந்த நாற்காலிக் கால் ஒன்றை வைத்தார். முதல் கமெண்ட் சகலையின் சிவப்பு சோபா வீடியோவுக்கு: 'டம்ளர்ல இருக்கறது பாதி அழுக்கு, பாதி சாயம். கொதிக்கற தண்ணிய ஊத்தினா சிவப்பு சோபா சிவப்பாதான் அழும்.'

அடுத்தது வெல்வெட்டுக்கு: 'பூனைய வாலுலேர்ந்து தலைக்குத் தடவற மாதிரி இருக்கு. வெல்வெட்டுக்கு முடி படுத்திருக்கற பக்கம் பாத்து ஓட்டணும் தம்பி.' அதற்கு அடுத்தது: 'மூஞ்சிய மட்டும் கழுவிட்டுக் குளிச்சேன்னு சொல்ற ஆளு.'

ஆட்கள் சிரித்தார்கள். பிறகு கேட்கத் தொடங்கினார்கள். எங்க வீட்டு சோபா நடுவுல குழி விழுது, என்ன செய்யறது? குழந்தை இங்க் கொட்டிடுச்சு. ரெக்சின் உரியுது. கேள்வி என்று ஒன்று வந்துவிட்டால் அவரால் சும்மா இருக்க முடியாது. 'உங்களை யாரு ரெக்சின் வாங்கச் சொன்னா?' என்று திட்டிவிட்டு, சரியான பதிலையும் எழுதுவார். மைக் மாட்டிய பெண் சொன்ன பாடம் முழுவதையும் அவர் ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தார், தவறான பேஜில். நாலாங்காலைப் பின்தொடர்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் பெருகினார்கள். பட்டறைப் பேஜில் அதே பழைய சொந்தக்காரர்கள்தான். சில நாட்களில் அவருக்கு நாலாங்கால் மீதே லேசாகப் புகைந்தது.

அப்போதுதான் அந்த வீடியோ வந்தது. சகலை ஒரு பெரிய அரங்கின் நடுவில் நின்றார். பின்னால் மெரூன் நிற இருக்கைகள், வரிசை வரிசையாக. "மக்களே, முந்நூறு சீட்டு! மொத்தமும் நம்ம கழுவப் போறோம். இது சாம்பிள்!" டம்ளரைத் தூக்கிக் காட்டினார்.

சோபாக்காரர் கையிலிருந்த உருண்டை வாய்க்குப் போகவில்லை. அவருடைய அரங்கு அது. அவர் அதை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை, இருந்தும் திருடு போய்விட்டது.

வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். டம்ளரின் அடியில் மஞ்சளாக ஏதோ படிந்திருந்தது. நாலாங்கால் எழுதினார்: 'அடியில நிக்கற மஞ்சப் பொடி அழுக்கில்ல, ஃபோம். உள்ள மக்கிப் போச்சு. செத்தவனுக்குச் சவரம் பண்ணப் போறாங்க. நம்பலன்னா சீட்ட விரலால அழுத்தி எடுங்க, குழி எந்திரிக்காது.'

மறுநாள் நாலாங்காலுக்கு ஒரு செய்தி வந்தது. எழுதியவர் அந்த அரங்கின் மேலாளர். 'அழுத்திப் பார்த்தேன். எழவில்லை. கழுவும் வேலையை நிறுத்திவிட்டேன். நீங்கள் யார்? நாளை காலை நேரில் வந்து பார்க்க முடியுமா?'

அவர் அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். போனால் அரங்கு கிடைக்கும். ஆனால் சகலையின் வேலையைக் கெடுத்த முகமூடிக்காரன் யார் என்பது வீடு வரை தெரிந்துவிடும். வேறு வழி தோன்றாமல் மனைவியிடம் ஃபோனை நீட்டினார்.

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தார். "இது யாரு நாலாங்கால்?"

"நான்தான்."

கை நின்றது. "நீங்களா? என் தங்கச்சி காலைல ஃபோன் பண்ணி அழுதா. வயித்தெரிச்சல் புடிச்ச எவனோ எழுதி வேலையே போச்சுன்னு. நானும் சேந்து அவனத் திட்டினேன்."

"என்னன்னு?"

"வெளங்காமப் போவான்னு."

"என்னையா?"

"நீங்கன்னு தெரிஞ்சிருந்தா இன்னும் நல்லாத் திட்டியிருப்பேன்." சட்டையை உதறி மடித்தார். பிறகு, "நீங்க எழுதினது நெசமா?" என்றார்.

"நெசம்."

"எதுக்கு எழுதினீங்க? நெசம்ங்கறதுக்காகவா?"

அவர் ஃபோனை அணைத்தார். ஓர் உண்மையை எதற்காகச் சொல்கிறோம் என்பது அந்த உண்மையை மாற்றாது. சொல்கிறவனை மாற்றும்.

"போறதுன்னா போங்க" என்றார் மனைவி. "ஆனா காலாப் போகாதீங்க. ஆளாப் போங்க."

காலையில் அரங்குக்குப் போனார். மேலாளர் வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டார். "வாங்க சார். கழுவறவரையும் வரச் சொல்லிட்டேன். ரெண்டு பேரும் எதிர் எதிர் நின்னு சொல்லிட்டா எனக்கும் நிம்மதி பாருங்க."

நாலாவது வரிசையில் சகலை உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மெஷின்.

"இவர்தான் நாலாங்கால்" என்றார் மேலாளர் பெருமையாக.

சகலை எழுந்திருக்கவில்லை. "தெரியும் சார். எங்க சகலை."

மேலாளர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தேநீருக்குச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று நகர்ந்துவிட்டார்.

"எப்படித் தெரியும்?" என்றார் சோபாக்காரர்.

"மூஞ்சிய மட்டும் கழுவிட்டுக் குளிச்சேன்னு சொல்ற ஆளு. என் கல்யாணத்தன்னிக்கே என்னைப் பத்தி இதச் சொன்னீங்க. பந்தியில, பின்னாடியே நின்னுக்கிட்டு இருந்தேன்."

"அந்தக் கமெண்டப் பாத்தப்பவே தெரிஞ்சிருந்தா ஏன் கேக்கல?"

"கேட்டா நிறுத்திடுவீங்க. நீங்க திட்டினாதானே அண்ணே என் வீடியோவுக்குக் கீழ கூட்டம் நிக்குது. நீங்க லீவு போட்ட அன்னிக்கெல்லாம் எனக்கு யாவாரமே டல்லு."

சோபாக்காரருக்குக் காது சூடானது. அவர் ஊற்றிய விஷத்தையெல்லாம் இந்த ஆள் வேருக்குத் தண்ணீராகப் பாய்ச்சியிருக்கிறார். இதிலும் தோற்றாயிற்று.

"ஆனா இது வேற" என்றார் சகலை. குரலில் சிரிப்பு இல்லை. "இந்த ஹாலுக்கு எத்தன நாள் அலைஞ்சேன் தெரியுமா? வீட்டுலகூடச் சொல்லல. ஒரே நேரத்துல முந்நூறு சீட்டு காயறதப் பாக்கணும்னு ஆசை."

சோபாக்காரர் முதல் முறையாக அவர் முகத்தைப் பார்த்தார், ஃபோனில் அல்லாமல். சகலை அந்த வரிசைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை இவருக்கு நன்றாகத் தெரியும். மதிய நேரங்களில் அணைந்த ஃபோனின் கறுப்புக் கண்ணாடியில் பார்த்திருக்கிறார்.

உள்ளே ஒரு சந்தோஷம் எழுந்தது. இல்லை என்று சொன்னால் பொய். இத்தனை நாள் காத்திருந்த சந்தோஷம் அது. கையில் வந்தபின் பார்த்தால் பட்டாணி அளவுகூட இல்லை.

அவர் குனிந்து ஓர் இருக்கையின் அடியில் கையை விட்டு, கறுப்புத் துணியைக் கிழித்தார். மஞ்சள் பொடி கொட்டியது. "பாத்துக்க. உன் வயித்துல அடிக்கணும்னு எழுதினேன். ஆனா பொய் எழுதல."

"ரெண்டும் தெரியும் அண்ணே" என்றார் சகலை. மெஷினைத் தூக்கிக்கொண்டு படியேறினார். கதவருகே திரும்பி, "தைக்கும்போது நான் வந்து வீடியோ எடுக்கட்டுமா? நல்லாப் போகும்" என்றார்.

"வேணாம்."

"தெரியும்."

அரங்கு அவருக்கே கிடைத்தது. துணைக்கு இரண்டு தையல்காரர்களை வைத்துக்கொண்டு தைத்தார். மாமியார் இரண்டு மாப்பிள்ளைகளைப் பற்றியும் பேசுவதைச் சில காலம் நிறுத்தி வைத்தார். அக்காவும் தங்கையும் நிறுத்தியிருந்த பேச்சு மெல்ல மெல்லத் திரும்பியது. முன்பிருந்த இடத்துக்கு அது வரவில்லை.

வேலை முடிந்த அன்று மேடையில் ஏறி நின்று அரங்கு முழுவதையும் ஒரு படம் எடுத்தார். பாஸ்போர்ட்டுக்கு எடுப்பது போல, நேர் எதிரே நின்று. நாலாங்கால் கணக்கின் பெயரை மாற்றித் தன் பட்டறைப் பெயரை வைத்து, உடைந்த காலுக்குப் பதில் தன் முகத்தை வைத்து, அதில் படத்தைப் போட்டார். 'இவ்வளவு நாள் திட்டினது நான்தான். இது நான் தைச்சது' என்று எழுதினார். வாழ்த்துகள் குவிந்தன. அவர் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனார்.

நடுவில் ஒன்று, படமில்லாத புதுக் கணக்கிலிருந்து வந்திருந்தது. பெயர் 'அஞ்சாங்கால்'.

'மூணாவது வரிசை, இடதுபக்கக் கடைசி சீட்டு. தையல் கோணல். படத்தப் பெருசாக்கிப் பாருங்க.'

பெரிதாக்கிப் பார்த்தார். தெரியவில்லை. மறுநாள் காலை அரங்குக்குப் போய் அந்த இருக்கையின் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தார். தையல் மேலே வரும்போது ஒரு நூலளவு வலப்பக்கம் சாய்ந்திருந்தது. இவ்வளவு சிறியதைக் கண்டுபிடிக்க ஒருவன் அந்தப் படத்தை எத்தனை முறை பார்த்திருக்க வேண்டும் என்று யோசித்தார். அவருக்கு அது தெரியும்.

பிரித்துத் தைத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து எழுதினார்: 'சரிதான். பிரிச்சுத் தைச்சாச்சு.'

மாலையில் மனைவி படத்தின் கீழே வந்ததையெல்லாம் படித்தார். "யாருங்க இது அஞ்சாங்கால்? எல்லாரும் வாழ்த்தறப்ப இவன் மட்டும் நொட்டை சொல்றான்."

"நல்லாப் பாக்கற ஆளு" என்றார் சோபாக்காரர்.

மறுநாள் மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது ஃபோனை எடுத்தார். சகலையின் பேஜைத் திறக்கவில்லை. அஞ்சாங்கால் வேறு ஏதாவது எழுதியிருக்கிறாரா என்று பார்த்தார். எழுதியிருக்கவில்லை. சாப்பாடு அன்று என்னவோ சப்பென்று இருந்தது.