அக்கா வீட்டுக் கடா

எங்கள் ஆட்டுக்கடாவின் தாய் ஈன்ற அன்றே செத்துப்போனது. புட்டிப்பால் கொடுத்து நான்தான் அதை வளர்த்தேன். மூன்று வருஷத்தில் மந்தையில் பாதி அதன் மகள்கள். அப்பனை மகளோடு சேரவிட்டால் குட்டி குறையாகப் பிறக்கும். அதனால் சொந்தத்துக்குள் கடாவை மாற்றிக்கொள்வது எங்கள் வழக்கம். ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்க வேண்டும்.

பள்ளிப்பட்டு அக்காவிடம் இருந்தது ஒரே கடா. "உன்னுத அனுப்பு, என்னுத நீ வெச்சிக்கோ" என்றாள். எனக்கு மனசு வரவில்லை. "அதுக்குக் காலு நொண்டுதுக்கா, சரியானதும் அனுப்புறேன்" என்று கூசாமல் பொய் சொன்னேன். நம்பி, தன் கடாவை வண்டியேற்றி அனுப்பிவிட்டாள்.

எங்களுடையது பெட்டைகள் மேல் ஏறாதபடி வயிற்றுக்கடியில் சாக்குத் துண்டு கட்டினேன். பிறகு இரண்டு கடாக்களையும் பட்டியின் மூலையில், என் வீட்டுக்காரர் கம்பெனியிலிருந்து கொண்டுவந்த பலகைகளால் நெருக்கி அடைத்தோம். பழக்கமில்லாத கடாக்களை அப்படித்தான் அடைப்பார்கள். பின்னால் போய் ஓடிவர இடமில்லாவிட்டால் முட்டு பலமாக விழாது, வாசனையும் பழகிவிடும்.

"மூணு நாளு தொறக்காத" என்று சொல்லிவிட்டு அவர் ஷிப்டுக்குப் போனார்.

மறுநாள் வெயிலில் எங்கள் கடா நாக்கைத் தள்ளிக்கொண்டு நின்றது. பாவி மனசு கேட்கவில்லை. பலகையை நகர்த்தினேன்.

இரண்டும் வெளியே வந்து, ஒன்றையொன்று பார்த்தபடி பின்னாலேயே போயின. முதல் முட்டில் கேட்ட சத்தத்துக்கு மந்தையே சிதறியது. இரண்டாவதில் அக்கா கடாவின் கொம்படியில் ரத்தம் பீறிட்டது. இரும்புக் குழாயை எடுத்து நடுவில் புகுந்தேன். எங்களுடையதை முதுகிலும் மூஞ்சியிலும் அடித்தேன். அது என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. மூன்றாவது முட்டில் அக்கா கடாவின் கழுத்து ஒடிந்தது. விழுந்து, கண் திறந்தபடி நாலு காலையும் உதைத்தது.

ஷிப்டு முடிந்து அவர் வந்தபோது இன்னும் உயிர் இருந்தது. "இன்னாடி பண்ணி வெச்ச" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்க் கத்தி எடுத்துவந்தார். தலையை நான் பிடித்துக்கொண்டேன். என் புடவை முழங்கால்வரை நனைந்தது.

நிமிர்ந்து பார்த்தால், கிழிந்த சாக்கு தொங்க எங்கள் கடா தன் மகள் மேலேயே ஏறியிருந்தது. மறுபடி குழாயை எடுத்தேன். கை ஓயும் மட்டும் அடித்தேன். இறங்கவில்லை. அன்றைக்கு அதை வெறுத்ததுபோல் நான் எவரையும் வெறுத்ததில்லை.

விஷயத்தைப் போனில் சொன்னதும் மறுநாள் காலை அக்கா வேன் பிடித்து வந்தாள். எங்கள் கடாவைக் கயிற்றில் நாலு நடை நடத்திப் பார்த்தாள். அது எங்கே நொண்டியது?

"கேட்டப்பவே குடுக்க மாட்டேன்னு சொல்லியிருந்தா நானும் சும்மா இருந்திருப்பேனேடி" என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"உன்னுதயே ஏத்தி உடு. என் ஆடுங்க கடா இல்லாம நிக்குது."

வேனில் ஏறாமல் அது என் முந்தானைக்குள் மூஞ்சியை நுழைத்தது. நான் அடித்த இடமெல்லாம் வீங்கியிருந்தது. நானே தூக்கி ஏற்றினேன். அக்கா அதற்கப்புறம் எனக்குப் போன் செய்யவில்லை.

ஐந்து மாதம் கழித்து அந்தப் பெட்டை ஈன்றது. குட்டிக்குக் கீழ்த்தாடை கோணல், காம்பைக் கவ்வ முடியவில்லை. பரணிலிருந்து பழைய பால்புட்டியை எடுத்துக் கழுவினேன். இரண்டு நாள் குடித்தது.