இடுப்பில் செருகிய பிளக்

செந்தமிழ்ச்செல்விக்கு இதுவரை நாலு முறை கரண்ட் அடித்திருக்கிறது. முதல் மூன்றும் அவருடைய அவசரத்தால். நாலாவது, கணவர் ராஜாங்கத்தின் நல்லெண்ணத்தால். மனைவி மிக்சியைக் கவிழ்த்துப் போட்டு அதன் வயிற்றைக் கிளறிக்கொண்டிருந்தபோது, பாவம், சுவிட்ச் போட மறந்துவிட்டாளே என்று அவரே போட்டுவிட்டார். அன்றிலிருந்து எந்த மெஷினைத் திறந்தாலும் செல்வி முதலில் பிளக்கைப் பிடுங்கித் தன் இடுப்பில் செருகிக்கொள்கிறார். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலும் கச்சிராயபாளையத்து வீட்டில் அவரும் கிரைண்டரும் ஒரே கயிற்றில் கட்டிய இரண்டு மாடுகளைப் போலத்தான் இருந்தார்கள். அவர் எழுந்தால் அதுவும் கொஞ்சம் நகர்ந்தது.

வயது நாற்பத்தாறு. கோமுகி அணைத் தண்ணீர் பாயும் குத்தகை நிலத்தில் கணவரோடு கரும்பு போடுகிறார். சமையல்கட்டில் அஞ்சறைப் பெட்டி இருக்கிறது. கடுகுக்கும் வெந்தயத்துக்கும் நடுவிலுள்ள கிண்ணத்தில் திருகாணிகளும் வாஷர்களும் கிடக்கின்றன. ஒரு முறை ரசத்தில் வாஷர் வந்தது. ராஜாங்கம் அதைப் பூண்டு என்று நினைத்துக் கடித்தார். "பல்லு போச்சுடி" என்று அவர் அலறியபோது, "வாஷரு இன்னா ஆச்சு, அத காட்டுங்க மொதல்ல" என்றாராம் செல்வி.

மஞ்சள் கைப்பிடி போட்ட ஒரு திருப்புளி, கறிவேப்பிலை நறுக்கும் கத்தரிக்கோல், ஒரு மத்து. ஆயுதங்கள் இவ்வளவுதான். மத்து எதற்கு என்றால், நோய் கண்டுபிடிக்க. அதன் தலையை ஓடுகிற மெஷின் மேல் வைத்து, காம்பின் நுனியைக் காதில் ஒட்டிக் கண்ணை மூடிக்கொள்வார். உள்ளே பேரிங் தேய்ந்திருந்தால் நறநறவென்று காதுக்கு வந்துவிடுமாம். அடுத்து மூக்கு. "சுட்ட வாசன வந்தா காயிலு. ரப்பரு வாசன வந்தா பெல்ட்டு. ஒரு வாசனயும் வரலன்னா வூட்டுக்காரரு சுவிட்சு போடல."

செத்துப்போன மிக்சியைத் தூக்கிக்கொண்டு அக்கம்பக்கத்துப் பெண்கள் இவரிடம்தான் ஓடி வருகிறார்கள். பாதி மிக்சிகளுக்கு ஒரு நோயும் இல்லை. தேங்காயை முழுசு முழுசாகப் போட்டுத் திணறடித்ததில், அடியிலுள்ள சிவப்புப் பட்டன் வெளியே வந்திருக்கும், அமுக்கினால் தீர்ந்தது. ஆனால் செல்வி உடனே அமுக்க மாட்டார். மத்து வைத்துக் கேட்பார். முகர்ந்து பார்ப்பார். நெற்றியைச் சுருக்கி, "நேத்து இன்னா அரச்ச?" என்று விசாரிப்பார். பிறகு திரும்பி நின்று, பெரிதாக ஒரு இருமல் இருமி, அந்தச் சத்தத்தில் பட்டனை அமுக்கிவிடுவார். "ஒடனே சரி பண்ணிக் குடுத்தா, இதுக்கா இவகிட்ட வந்தோம்னு நெனச்சிக்கினு போவாங்க."

இந்தத் தெருவுக்கு இன்னொரு வசதியும் உண்டு. பெரும்பாலான வீடுகளில் இருப்பது அரசாங்கம் ஒரே வருஷத்தில் கொடுத்த விலையில்லா கிரைண்டர். ஒரே அச்சு, ஒரே நிறம். ஒரு வீட்டு மெஷினில் எது கெட்டது என்று தெரியவில்லையா? பக்கத்து வீட்டு மெஷினிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி இதில் மாட்டிப் பார். எதை மாட்டியதும் ஓடுகிறதோ, அதுதான் நோய். இப்படியே மாட்டி மாட்டி, இப்போது யார் வீட்டில் யார் மெஷின் ஓடுகிறது என்று யாருக்கும் தெரியாது. சண்டை வந்தால் மட்டும், "என் மூடியக் குடுத்துட்டுப் பேசு" என்று சத்தம் கேட்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கெட்டது செல்வியின் சொந்தக் கிரைண்டர். சுவிட்சைப் போட்டால் 'ம்ம்ம்' என்று முனகியது. சுற்றவில்லை. அதே நேரம் பார்த்து, பெரிய தெருப் பக்கம் ஒலிபெருக்கி கேட்டது. "பழைய மிக்சி, பழைய கிரைண்டர் குடுத்துட்டு, புதுசு வாங்கிக்கலாம் அம்மா!" நடுநடுவே அந்தக் குரல் விக்கியது. ராஜாங்கத்துக்குச் சாமியே வண்டி ஏறி வந்தது போல இருந்தது.

"இன்னிக்கி இத தூக்கிக் குடுத்துடுறேன் செல்வி. வூடா இது, ஒர்க்சாப்பு மாதிரி கீது."

"ஓடுற மெசினக் குடுப்பீங்களா?"

"எங்க ஓடுது?"

"வண்டி நம்ம தெருவுக்கு வர்றதுக்குள்ள ஓட்டிக் காட்டுறேன்."

"வெறுங்கல்லு சுத்துனா ஒத்துக்க மாட்டேன். உளுந்து அரைக்கணும். இல்லன்னா கிரைண்டரும் போவும், அந்தத் திருப்புளியும் வண்டியில போவும். அப்பறம் நீ எந்த மெசினையும் தொடக் கூடாது."

கிரைண்டர் போனால் வேறு வாங்கலாம். ஆனால் திருப்புளி? அன்று காலை செல்வியின் முகத்தில் சிரிப்பு இல்லாமல் போனது அந்த ஒரு கணம்தான். கையிலிருந்ததை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"சரிங்க. நீங்க உளுந்த எடுத்தாங்க."

பிளக்கை மாட்டி, சுவிட்சைப் போட்டு, முனகுகிற கிரைண்டரின் பாத்திரத்தைக் கையால் ஒரு தள்ளு தள்ளினார். ஓடியது! அணைத்துவிட்டு மறுபடி போட்டார். முனகியது. "மோட்டாரு நல்லா கீது. தள்ளுனா ஓடுது, தானா கெளம்ப மாட்டேங்குது. கெப்பாசிட்டரு போச்சு." நோய் தெரிந்துவிட்டது. மருந்து எதிர் வீட்டில் இருந்தது.

எதிர் வீட்டுக் குஞ்சம்மாளின் கிரைண்டரில் கல் உடைந்து ஒரு வருஷம் ஆகிறது. அதில் அவர் புளி வைத்திருக்கிறார்.

"அக்கா, கெப்பாசிட்டரு வேணும்க்கா!"

"எது வேணும்னாலும் கழட்டிக்கோ. புளி மட்டும் கொட்டாம கழட்டு. புதுப் புளி."

புளியோடு கிரைண்டரைச் சாய்த்து, குஞ்சம்மாள் ஒரு பக்கம் தாங்க, செல்வி தரையில் படுத்து அடிமூடியைத் திறந்தார். ஒலிபெருக்கி இரண்டாவது தெருவுக்கு வந்துவிட்டது. "பழைய மிக்சி, பழைய..." விக்கல். "சீக்கிரண்டி, கை கடுக்குது" என்று குஞ்சம்மாள் சிரித்ததில் பாத்திரம் குலுங்கி, நாலைந்து புளிக் கொட்டைகள் செல்வியின் நெற்றியில் விழுந்தன. கட்டைவிரல் தடிமன் உள்ள கெப்பாசிட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு, நெற்றியில் ஒட்டிய புளியோடு அவர் தெருவைத் தாண்டி ஓடியதைப் பார்த்து, படுத்திருந்த நாய்கூட எழுந்து வழிவிட்டது.

பிளக் மறுபடி இடுப்புக்குப் போனது. பழையதைக் கழற்றி, புதியதை வைத்து, வயர்களை முறுக்கி, டேப் சுற்றி, மூடியைப் போட்டு, பிளக்கை மாட்டினார். ராஜாங்கம் ஊறிய உளுந்தைக் கொட்டித் தண்ணீர் விட்டு, நீதிபதி போலக் குனிந்து பார்த்தார். சுவிட்ச்.

கிரைண்டர் சுற்றியது. ஒரு தள்ளும் வேண்டியிருக்கவில்லை, தானே சுற்றியது. ஆனால் உளுந்து கல்லுக்கு அடியில் போகவில்லை. மாவைத் தள்ளிவிடும் தகட்டின் முதுகில் மோதி, மேலே ஏறி, விளிம்பைத் தாண்டிச் சடசடவென்று வெளியே பறந்தது. முதல் வீச்சு ராஜாங்கத்தின் மீசைக்கு. இரண்டாவது காலண்டருக்கு. வாசல்வரை வந்துவிட்ட குஞ்சம்மாளுக்கு மூன்றாவது.

"ஏய், நிறுத்து! ரிவர்ஸ்ல ஓடுதுடி!"

"ஓடுதுல்ல?" செல்வி சுவிட்சை அணைத்துவிட்டு இடுப்பில் கை வைத்தார். "ஓடணும்னுதான பேச்சு. எந்தப் பக்கம்னு நீங்க பேசலியே!"

"உளுந்து அரைக்கணும்னு சொன்னனா இல்லியா?"

"அரைக்குது. செவுத்துல அரைக்குது" என்றார் குஞ்சம்மாள், கன்னத்தை வழித்துக்கொண்டே. பிறகு மூன்று பேருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. ராஜாங்கம் சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்ததில் மீசையிலிருந்து உளுந்து ஒன்றொன்றாக உதிர்ந்தது.

வண்டி வாசலில் நின்றது. வியாபாரி தீனதயாளன் இறங்கி, கயிற்றோடு உள்ளே எட்டிப் பார்த்தார். சுவரெல்லாம் உளுந்து. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வழிய மூன்று பேர். "யக்கா, இதுதானா? தூக்கிடலாமா?" என்று கேட்டபடி கிரைண்டரின் காதைப் பிடித்தார்.

"தொடாத!" செல்வி பிளக்கைப் பிடுங்கி இடுப்பில் செருகினார். "ரெண்டு வயர மாத்தி முறுக்கிட்டேன், அவ்ளோதான். நின்னுக்கினு இரு."

தீனதயாளன் நின்றார். டேப் பிரிந்தது, இரண்டு வயர்கள் இடம் மாறின, டேப் சுற்றப்பட்டது, பிளக் சுவருக்குத் திரும்பியது. மிச்சமிருந்த உளுந்தை வழித்துப் போட்டு, சுவிட்சைப் போடும்போது எல்லோரும் ஓரடி பின்வாங்கினார்கள். கல் சுற்றியது. உளுந்து அடியில் போனது. கொஞ்ச நேரத்தில் பாத்திரம் முழுக்க நுரைத்துக்கொண்டு வெள்ளை மாவு சுழன்றது. செல்வி மத்தை எடுத்துக் காதில் வைத்துக் கேட்டார். பிறகு காம்பை ராஜாங்கத்தின் காதுப் பக்கம் திருப்பினார். அவர் கேட்டார். தலையை ஆட்டினார். உளுந்து அரைக்க வேண்டும் என்பதுதானே பேச்சு.

தீனதயாளன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு வண்டி ஏறினார். சாயங்காலத்துக்குள் மலையேறி வெள்ளிமலை சேர வேண்டுமாம். ஒலிபெருக்கியைப் போட்டார். "பழைய... பழைய... பழைய... பழைய..." என்று விக்கிக்கொண்டே இருந்தது, மேலே போகவில்லை. பெட்டியை ஒரு தட்டு தட்டினார். ஒரேயடியாக நின்றுவிட்டது.

வாசலில் நின்ற செல்வி தலையைச் சாய்த்து மூக்கை உறிஞ்சினார். வாசனை ஏதும் வருகிறதா என்று பார்க்கிறார். ஆனால் இறங்கவில்லை, கணவரைப் பார்த்தார்.

ராஜாங்கம் தரையில் கிடந்த திருப்புளியை எடுத்தார். அதிலிருந்த மாவைத் தன் லுங்கியில் துடைத்து, கைப்பிடி செல்வி பக்கம் வரும்படி நீட்டினார்.

வண்டி அன்று மலையேறவில்லை.