மூன்று கும்பிடும் ஒரு முள்ளங்கியும்

எங்கள் கனசாவா ஊரில் என் மச்சான் மாகோஜியைப் போல் கும்பிடு போடுகிற ஆள் கிடையாது. தெரியாதவர்கள் பணிவு என்று நினைத்துக்கொள்வார்கள். பணிவாவது மண்ணாவது! குறுவாளின் அலகில், பிடியை ஒட்டிப் பூட்டுகிற தாமிரப் பட்டை செய்வது அவர் தொழில். வாளை உறைக்குள் இறுக்கிப் பிடிப்பது அந்தப் பட்டைதான். அது தளர்ந்தால், சாமுராய் தன் பிரபுவின் முன்னால் குனியும்போது வாள் தானே வழுக்கி வெளியே விழும். மானம் போகும், சமயத்தில் தலையும் போகும். அதனால் புதுப் பட்டை பூட்டியதும் வாளைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டு, எதிரே யார் வந்தாலும் மச்சான் மூன்று கும்பிடு போடுவார்: லேசாக ஒன்று, பாதி குனிந்து ஒன்று, நெற்றி தரையில் பட ஒன்று. மீன்காரிக்குக்கூட.

ஆனால் கட்டின மனைவியிடம், என் அக்கா ஓரினிடம், இருபது வருஷத்தில் ஒரு தடவை ‘தப்பு’ என்று சொன்னதில்லை.

போன வருஷம் எங்கள் அம்மா அக்கா வீட்டுக்கு விருந்துக்குப் போயிருந்தாள். குழம்புக்கு அக்கா வைத்திருந்த முள்ளங்கியை மச்சான் முழுசாகத் துருவி, நிறம் ஏற்றத் தாமிரத்தை அதன் சாற்றில் முக்கிவிட்டார். தொழில்முறை அதுதான், இல்லையென்று சொல்லவில்லை. அதற்காக மாமியாருக்கு வெறும் சோறா? அக்கா அன்றைக்கே அம்மாவோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

“அந்த ஆள் வாயால தப்புன்னு சொல்லட்டும். அப்புறம் போறேன்.”

இருபது நாள் ஆயிற்று. அக்காவின் அதிகாரத்தில் என் வீட்டில் எனக்கே மூச்சுவிட முடியவில்லை.

ஒரு நாள் காலை மச்சான் வந்தார். வாசலில் ஒரு கும்பிடு, உள்ளே ஒன்று. மூன்றாவதில் நெற்றி பாயில் பட்டது. அம்மா அழுதேவிட்டாள். “போதும் மாப்பிள்ள, எழுந்திருங்க!”

அக்கா அசையவில்லை. “மூணா? ஏங்க, இடுப்புல என்ன?”

“புதுப் பட்டை,” என்றார் அந்தப் பாவி. “மத்தியானம் சாமுராய் வாங்க வர்றாரு. பாத்தியா, இம்மி நகரல!”

எனக்கு அவர் கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது. அக்கா வாளை உறையோடு பிடுங்கிப் பாயில் வைத்தாள். “இப்பக் கும்பிடுங்க.”

வெறும் இடுப்போடு கும்பிட அந்த மனுஷனுக்குத் தெரியவேயில்லை. கையை எங்கே வைப்பதென்று தடுமாறினார். குனிந்தவர் எழவில்லை. “முள்ளங்கிய எடுத்தது தப்புதான் ஓரின்,” என்றார் பாயைப் பார்த்து. “நீ இல்லாம சோறு இறங்கல.”

அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு கொல்லைக்குப் போய் இரண்டு முள்ளங்கி பிடுங்கி வந்தாள். “ஒண்ணு குழம்புக்கு. ஒண்ணு உங்க தாமிரத்துக்கு. மாத்தி எடுத்தீங்க, அவ்வளவுதான்!”

இருவரும் கிளம்பிப் போனார்கள். வாள் பாயிலேயே கிடந்தது. மச்சான் வாளை மறந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஐயோ, சாமுராய் வருகிற நேரமாயிற்றே! இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினேன். தெருமுனையில் கல் தடுக்கிக் குப்புற விழுந்தேன். முட்டி பெயர்ந்தது. சும்மா சொல்லக் கூடாது, வாள் இம்மியும் நகரவில்லை.