மோப்ப நாயும் அப்பாவின் கோட்டும்

அந்தப் பனிக்காலத்தில் பூட்டிக் கிடந்த பங்களாவில் யாரோ ஜன்னலை நெம்பி நுழைந்து, துணி அலமாரியை உடைத்து, உள்ளே வைத்திருந்த வெள்ளிச் சாமான்களை அள்ளிப் போய்விட்டார்கள். அங்கே தோட்டக்காரர் என் அப்பா, சாவியும் அவரிடந்தான். எங்கள் வீட்டில் முதலில் பள்ளி இறுதி வகுப்பு தேறியவன் என்பதால், போலீசாரிடம் நான்தான் பேச வேண்டியிருந்தது.

மலைக்குக் கீழேயிருந்து மோப்ப நாயை வேனில் கொண்டுவந்தார்கள். இறங்கியதும் அது வாந்தி எடுத்தது. “போலீசா இருந்தாலும் வத்தலக்குண்டு ரோட்டு வளைவு விடாதுப்பா” என்றார் ஒரு டாக்சிக்காரர். எல்லோரும் சிரித்தோம். அப்பாவும் சிரித்தார்.

உடைந்த அலமாரியை முகர்ந்த நாய், கூட்டத்தைச் சுற்றி வந்து அப்பாவின் மார்பில் முன்னங்கால்களைத் தூக்கி வைத்தது. அவர் போட்டிருந்தது பங்களாத் துரை கழித்துக் கொடுத்த கம்பளிக் கோட்டு. எங்களைப் போன்றவர்களுக்குக் குளிர்காலம் அப்படிப்பட்ட துணியில்தான் கழியும். அந்தக் கோட்டு எங்களிடம் வருமுன் பல வருஷம் அதே அலமாரியில் தொங்கியது.

இதை இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். கோட்டைக் கழற்றிவிட்டு இன்னொரு முறை முகர வைக்கும்படி கேட்டேன். நாய் களைத்துவிட்டது, மஞ்சு இறங்கி ரோட்டை மறைப்பதற்குள் வேன் கீழே போக வேண்டும் என்றார். அவர் கடுமையாகப் பேசவில்லை.

“நாய்க்கு வேண்டியவன் வேண்டாதவன் கெடையாது தம்பி. அதையும் நம்பலைன்னா நான் யாரைப் போய்ப் பிடிக்கட்டும்?”

அப்பாவை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனார்கள். மதுரையிலிருந்து துரை வந்து, கோட்டு தான் கொடுத்ததுதான் என்று சொன்ன பிறகே விட்டார்கள். சாவியை மட்டும் துரை திரும்ப வாங்கிக்கொண்டார். வேறு ஆள் பார்த்தாகிவிட்டது என்றார். வெள்ளி கடைசிவரை கிடைக்கவில்லை.

ஸ்டேஷனிலிருந்து குதிகால் தரையில் படாமல் நடந்து வந்தார் அப்பா. அவருடைய வீங்கிய உள்ளங்கால்களுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே, துணியில் வாசனை எப்படித் தங்கும், நாய் ஏன் அவரிடம் வந்தது என்று விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

“நீ படிச்சவன், சொன்னாச் சரியாத்தான் இருக்கும். ஆனா அம்புட்டுப் பேர்ல எங்கிட்ட வந்துச்சேலே. ஒண்ணும் இல்லாமயா வரும்?”

பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“அந்தக் கோட்ட நீயும் எடுத்துப் போட்டுக்கிருவ. நெசத்தச் சொல்லுலே. நீ எதுவும் எடுக்கலல்ல?”

இல்லை என்றேன். சரி என்று கண்ணை மூடிக்கொண்டார். நம்பினாரா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அதன்பிறகும் கேட்கவில்லை.