ஹோவ்துச் சூரியன்

மங்கோலியாவின் மேற்கிலுள்ள ஹோவ்து நகருக்கும் தலைநகர் உலான்பாத்தருக்கும் இடையே ஆயிரத்து நானூறு கிலோமீட்டருக்கு மேல். முப்பது ஆண்டுகளாக அந்தச் சாலையில் வேன் ஓட்டும் நம்ஜில்தோர்ஜ், பயணம் எவ்வளவு நேரமாகும் என்று ஒருபோதும் சொன்னதில்லை. வழியில் யாரேனும் கேட்டுவிட்டால், "வாயைக் கட்டு! அச்சு முறியணுமா?" என்று சீறுவார். அந்நாட்டு ஓட்டுநர்கள் எல்லாருமே அப்படித்தான்; போய்ச் சேரும் நேரத்தை வழியில் பேசினால் வண்டிக்குக் கேடு வரும் என்பது அவர்கள் நம்பிக்கை.

அந்த வசந்தத்தில் பனி பெய்து கணவாய் அடைபட்டது. தலைநகரில் பேத்தி மிஷீலுக்கு முதல் முடியெடுப்பு. ஆண்டுக்கும் வேளைக்கும் விலங்குப் பெயர் வைக்கும் அவர்கள் வழக்கப்படி, நாய் ஆண்டில் பிறந்தவரே முதல் கற்றையை வெட்ட வேண்டும். அதுவும் குதிரை வேளை முடியுமுன், அதாவது ஒன்று நாற்பதுக்குள், என்று லாமா குறித்திருந்தார். குடும்பத்தில் நாய் ஆண்டுக்காரர் இருவர்: இவரும், சம்பந்தியம்மாளின் தம்பியும்.

"தாத்தா, நீ வரலைன்னா நான் முடி குடுக்க மாட்டேன்" என்று தொலைபேசியில் மிஷீல் கறாராகச் சொல்லிவிட்டாள். வேறு வழியின்றி முதன்முறையாக விமானம் ஏறினார்.

வானில் விமானி அறிவிப்பைத் தொடங்கியதும் அவர் இரு காதுகளையும் பொத்திக்கொண்டார்.

"காது வலிக்குதாண்ணே?" என்றாள் பக்கத்து இருக்கைப் பெண்.

"இல்லம்மா. போற வழியில இறங்குற நேரத்தைச் சொல்றானே, அவனுக்குப் புத்தியிருக்கா?"

அவள் சிரித்த சிரிப்பில் முன்வரிசையே திரும்பிப் பார்த்தது.

இரண்டு நாள் சாலையை மூன்று மணி நேரத்தில் விழுங்கிவிட்டு விமானம் இறங்கியது. கைக்கடிகாரம் பதினொன்று ஐம்பது காட்டியது. நிறைந்த மனத்துடன் வாடகைக் காரில் ஏறினார். நகர நெரிசலில் வண்டி ஊர்ந்தது.

"தம்பி, உன் கார்க் கடிகாரம் ஒரு மணி நேரம் முந்தி ஓடுதே?"

"சரியாத்தான் ஓடுது. ஹோவ்துலேருந்தா வர்றீங்க? உங்க ஊரு ஒரு மணி பின்னாடியாச்சே!"

அவர் கைக்கடிகாரத்தையும் கார்க் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டு நாள் ஓட்டத்தில் ஒரு மணி நேரம் என்றைக்கும் கணக்கில் வந்ததில்லை. விமானி சொன்னபோதோ காதைப் பொத்தியாயிற்று. வாழ்நாளில் முதல் தடவையாக அவர் வாயிலிருந்தே அது வந்தது:

"இன்னும் எவ்வளவு நேரமாகும்?"

"வழியில அதைக் கேக்கலாமாண்ணே? டயர் வெடிக்கணுமா?"

வீட்டை அடைந்தபோது சுவர்க் கடிகாரத்தில் இரண்டு இருபது. நீலப் பட்டுக் கட்டிய கத்தரியுடன் சம்பந்தியம்மாளின் தம்பி திகைத்து நின்றார். மிஷீல் தலையை இரு கைகளாலும் மூடிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தாள்.

"வேளை போச்சே, சம்பந்தி! என் தம்பியைக் கிட்டவே விடலை இவ" என்றார் சம்பந்தியம்மாள்.

நம்ஜில்தோர்ஜ் வாசலிலேயே தலைகுனிந்து நின்றார். மகள் சர்னை அருகே வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிக் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்று இருபது.

"அத்தை, மிஷீல் எங்க பொறந்தா?"

"இதென்ன கேள்வி? நீ அம்மா வீட்டுக்குப் போயிருந்தப்போ, ஹோவ்துல."

"அந்தப் பிறப்பை வெச்சுத்தானே லாமா வேளை குறிச்சார்? அப்போ ஹோவ்துச் சூரியன்தானே கணக்கு? அங்கே குதிரை வேளை இன்னும் முடியலை."

சம்பந்தியம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். "அப்பனுக்குத் தப்பாத மக! டேய், கத்தரியை அவர்கிட்ட குடு."

மிஷீல் தானாகவே கைகளை இறக்கினாள். பாலில் தொட்ட விரலை அவள் நெற்றியில் வைத்து, நம்ஜில்தோர்ஜ் முதல் கற்றையை வெட்டினார். ஆளுக்கொரு கற்றை வெட்ட உறவினர் வரிசையாக நெருங்கினர்.

"தாத்தா, எப்போ முடியும்?"

"வாயைக் கட்டு, கண்ணு" என்றார் அவர், சிரிப்பை அடக்க மாட்டாமல்.