என் கோல்களை அதிர்ஷ்டம் என்று சொன்ன ரஃபீக் பாய்

ரஃபீக் பாய் இறந்துவிட்டார். இன்று காலையில். நெஞ்சுவலி... ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே.

கவிதா சென்னையிலிருந்து போன் செய்து அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பாயைத் தெரியாதவர்களுக்கு... ஆம்பூரில் நான் முதலில் சேர்ந்த ஷூ கம்பெனியில் அவர் குவாலிட்டி செக்கிங். தோலை வெளிச்சத்தில் விரித்துத் தழும்பு, ஓட்டை தேடுகிற வேலை. நான் தையல் லைன். கம்பெனிக்கு ஒரு லேடீஸ் ஃபுட்பால் டீம் இருந்தது. நானும் கவிதாவும் அதில் ஃபார்வர்டு.

பாய் பந்தைத் தொட்டதுகூட இல்லை. ஆனால் ஃபுட்பால் பைத்தியம். எங்கள் மேட்ச் எல்லாவற்றையும் போனில் வீடியோ எடுப்பார். அப்புறம் ஒவ்வொரு ஷாட்டையும் லேப்டாப்பில் ஏற்றுவார். எங்கிருந்து அடித்தோம், எந்தக் காலில், முன்னால் எத்தனை பேர் நின்றார்கள்...

"எத்தன கோலுன்றத விடும்மா ஸ்டெல்லா. அந்த எடத்துலேர்ந்து அடிச்சா சாதாரணமா எத்தன உள்ள போவும்? நீ எத்தன போட்ட? அத பாரு."

அந்தக் கணக்கில் நான் எப்போதும் ஜாஸ்தி. போகவே போகாது என்கிற ஷாட்டெல்லாம் எனக்குப் போகும். கவிதா எப்போதும் கம்மி. காலியான கோல் முன்னால் நின்றுகொண்டு வெளியே அடிப்பாள். கிரவுண்டே சிரிக்கும்.

"இந்த ஜாஸ்தி இருக்கு பாரு, அதான் உன் காலு. எல்லாருக்கும் வராது" என்பார் பாய்.

வீட்டில் யாரும் என்னைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஜோலார்பேட்டை டீமோடு ஒரு மேட்ச். மழை பெய்து கிரவுண்டெல்லாம் சேறு. முதல் பாதியில் சுலபமான பந்தை விட்டுவிட்டேன். அதற்கப்புறம் பந்து வந்தாலே பயம். யாருக்காவது தள்ளிவிட்டுக்கொண்டிருந்தேன்.

இடைவேளையில் பாய் குடையோடு ஓடி வந்தார். "இன்னாத்துக்கு பயப்படுற? நீ அடி. நீ அடிச்சா போவும்."

அடித்தேன். தூரத்திலிருந்து. போனது. கோச்சை விட்டுவிட்டு நேராகப் பாயிடம்தான் ஓடினேன்... குடையெல்லாம் சேறு.

அப்புறம் சென்னை கிளப் ஒன்று எங்கள் டீமிலிருந்து ஒரு ஃபார்வர்டு கேட்டது. ஒரே ஒருத்தி. ஹாஸ்டல், சம்பளம், நல்ல கோச்சிங். தையல் லைனில் குனிந்தே இருக்கிறவளுக்கு அது எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள்.

கிளப் ஆள் நேரில் வந்தார். பாய்தான் லேப்டாப்போடு அவர் எதிரில் உட்கார்ந்தார். எனக்குக் கவலையே இல்லை. பேசப்போவது என் பாய் ஆயிற்றே. கூப்பிடுவார்கள் என்று கதவுக்கு வெளியே நின்றிருந்தேன்.

எல்லாம் கேட்டது.

"ஸ்டெல்லா கோல் ஜாஸ்தி தான் சார். ஆனா அடிச்ச ஷாட்டே கம்மி. அதுல பாதி அதிர்ஷ்டம். அடுத்த வருஷம் எறங்கிடும். நீங்க கவிதாவ எடுங்க. கோல விடுறா, ஆனா ஒவ்வொரு மேட்ச்லயும் கரெக்டா அந்த எடத்துக்கு வந்து நிக்கிறா. அது தான் சார் நிலைக்கும்."

என் பாய்...

மறுநாள் கேன்டீனில் போய் எதிரில் நின்றேன். "எங்கிட்ட ஒண்ணு, அவர்கிட்ட ஒண்ணா பாய்?"

அவர் மறைக்கவில்லை. "உங்கிட்ட சொன்னது நீ ஆடணும்னு. அப்டி சொல்லலேன்னா நீ அடிக்கவே மாட்ட. அவர்கிட்ட சொன்னது எனக்குத் தெரிஞ்சது."

"அப்போ என் காலு பொய்யா?"

"பொய்யின்னு சொல்லலம்மா. இத்தன கம்மி ஷாட்ட வெச்சு அது காலா, அதிர்ஷ்டமான்னு யாராலயும் சொல்ல முடியாது. இன்னும் ரெண்டு மூணு சீசன் ஆடினா தான் தெரியும்."

"தெரியாதுன்னா சொன்னீங்க? எறங்கிடும்னு தானே சொன்னீங்க."

எழுந்து செக்கிங் பக்கம் போய்விட்டார். டீ ஆறிக்கொண்டிருந்தது.

அந்த ரெண்டு மூணு சீசன் வரவே இல்லை. கம்பெனிக்கு ஆர்டர் குறைந்ததும் முதலில் டீமைத்தான் கலைத்தார்கள். இன்றுவரைக்கும் தெரியாது... காலா, அதிர்ஷ்டமா.

சென்னை கிளப்புக்குப் போன கவிதா மேல் எனக்குக் கோபம் இல்லை. அவள் நன்றாக ஆடினாள், நன்றாக வந்தாள். பாய் சொன்னது அவள் விஷயத்தில் சரி. என் விஷயத்தில் சரியா தப்பா என்று பார்க்கவே விடவில்லையே.

போன வருடம் ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். தாடியெல்லாம் வெள்ளை. "ஸ்டெல்லா!" என்று ஓடிவந்து கையைப் பிடித்தார். ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தேன்.

போனை எடுத்து ஒரு வீடியோ காட்டினார். கவிதா அடித்த கோல். "பாத்தியா? நான் சொன்னேன்ல?"

பஸ் வந்துவிட்டது என்று ஏறிவிட்டேன். அது என் பஸ்கூட இல்லை.

இன்று பர்மிஷன் போட்டுவிட்டு மதியம் அவர் வீட்டுக்குப் போனேன். பெண்கள் உட்கார்ந்திருந்த அறையில் அவர் மனைவி பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"நீங்க யாரும்மா?"

"பாய் கூட கம்பெனில இருந்தேன்மா. ஃபுட்பால் ஆடுவேன்."

அழுது வீங்கின அந்த முகம் சட்டென்று மலர்ந்தது. என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"கவிதாவா? நீ தானா அது? உன்னப் பத்தி பேசாத நாளே இல்லம்மா..."

இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. கையை விடாமல் அழுதார். நானும் விடவில்லை.

போய்ட்டு வாங்க பாய். கோபம் அப்படியேதான் இருக்கிறது.